செல்லுபடி

நூற்று இருபது வாக்கியங்கள்.
ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கட்டம்: ஆம், இல்லை.
ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு நான் இறக்கினேன்,
திருச்சியில் ஒருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு ஏற்றினார்,
இரண்டும் ஒன்றுதான் என்று குழு கையெழுத்துப் போட்டது.
ராயபுரத்துக்கு எடுத்துப் போனபோதுதான் தெரிந்தது,
இன்னும் யாருமே அதைப் படிக்கவில்லை என்று.

சாப்பாட்டு மேசைகளைத் துடைத்துக் கொடுத்தார் வார்டன் கன்னியப்பன்.
பென்சில்களை எண்ணிக் கொடுத்தார், எண்ணித்தான் வாங்குவார்.
கூர் ரொம்ப வேணாம் மேடம் என்றார்.
வெளியே துறைமுகத்துக்கு வரிசை பிடித்த கண்டெய்னர் லாரிகளின் உறுமல்.
ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை வாசித்தேன்.

பதினான்கு. யாரோ என்னைப் பின்தொடர்கிறார்கள்.
"யாரோ இல்ல மேடம், பேரு தெரியும்."
கூடமே சிரித்தது.
பைக் நம்பரைக்கூடச் சொன்னார்கள்.
கையேட்டின்படி அது சந்தேக நோய்க்கு இரண்டு புள்ளி.

இருபத்தொன்பது. தனியாக இருக்கும்போது நிம்மதியாக உணர்கிறேன்.
கொருக்குப்பேட்டைப் பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டு
ரொம்ப நேரம் யோசித்தான்.
இருந்து பார்த்தால்தானே தெரியும்.
பத்துக்குப் பத்தில் ஏழு பேர் அங்கே,
இங்கே ஒரே கூடத்தில் முப்பத்திரண்டு.

அறுபத்தாறு, பொறி வாக்கியம்.
படிக்காமல் குறித்துத் தள்ளுபவரைப் பிடிக்க
நடுவில் ஒளித்து வைத்தது.
நூற்றில் ஒருவர்கூட ஆம் என்னக் கூடாது.

இரவில் வானம் எரிவதைப் பார்க்கிறேன்.

நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஐம்பத்தெட்டு பேர் ஆம்.
அந்தத் தாள்களை நீக்கிவிடு என்று பேராசிரியரிடமிருந்து மெயில்.
நீக்குமுன் ஊர் வாரியாகப் பிரித்தேன்:
எர்ணாவூர், சடையங்குப்பம், மணலி, மாத்தூர், எண்ணூர்.
மறுநாள் ராத்திரி மாட்டுமந்தை மேம்பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.
ஆலையின் குழாய் உச்சியில்,
ஆரஞ்சு நிறத்தில், அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.
ஆட்டோக்காரர் நான் எதைப் பார்க்கிறேன் என்று தேடினார்.
அவருக்கு அது வெறும் வானம்.

இரண்டு வாரம் கழித்து அதே வாக்கியங்கள், அதே பையன்கள்.
நம்பகத்தன்மைக்காக.
முப்பத்தேழாம் எண்
(பெயர் எனக்குத் தெரியும், தாளில் அதற்கு இடமில்லை)
எனக்காகக் கவலைப்பட ஆள் இருக்கிறது என்பதற்கு
முதல் தடவை ஆம். இந்தத் தடவை இல்லை.
நடுவில் பார்வையாளர் நாள் இரண்டு வந்து போயிருந்தது.
இதற்கு எங்கள் பாடத்தில் பெயர்: அளவீட்டுப் பிழை.

எண்பத்தெட்டு. காரணமில்லாமல் அழுகை வருகிறது.
"காரணத்தோட வந்தா எங்க போடறது?"
பக்கத்தில் எது சரியோ அதைப் போடு என்றேன்.
அவன் ஆம், இல்லை இரண்டுக்கும் அப்பால்
மொட்டைப் பென்சிலால் கோணலாக ஒரு கட்டம் வரைந்து
அதில் டிக் போட்டான்.
கணினியில் அதை ஒன்பது என்று ஏற்ற வேண்டும்.
ஒன்பது என்றால் பதில் இல்லை.

அவனுக்கு மார்ச்சில் பதினேழு முடிகிறது.
சிறுவனா பெரியவனா என்று வாரியம் உட்கார்ந்து பேசும்போது
கோப்பில் என் எண்ணும் ஒன்று இருக்கக்கூடும்.
எழுபத்தொரு சதவீதம். ஏற்கத்தக்கது
என்று மென்பொருள் பச்சையில் காட்டுகிறது.

கடைசி நாள் அவர்களையே கேட்டேன்.
அறுபத்தாறுக்குப் பதிலாக ஒரு வாக்கியம் வேண்டும்,
ஒருத்தர்கூட ஆம் போட முடியாத ஒன்று.
எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ஒன்றும் புரியவில்லை.
பிறகு முப்பத்தேழு, மெதுவாக:
"ஏட்டு எங்கிட்ட சாரி கேட்டாரு."
சிரிப்பு அடங்க நேரமானது.
எழுதிக்கொண்டேன். தமிழில் சரியாகவே இருக்கிறது.
திருச்சிக்காரர் எப்படி ஏற்றுவாரோ.

கன்னியப்பன் பென்சில்களை எண்ணினார்.
முப்பத்தொன்று.
மறுபடியும் எண்ணினார்.
என் பையில் இருக்கும் சார், என்றேன்,
பையைத் திறக்காமல்.